தன்னார்வலர்களுக்கு லீடர்போர்டு போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரியைக் காக்கும் குழு, ரத்ததான அமைப்பு, கிராம சபை விழிப்புணர்வு, பறவைக் கணக்கெடுப்பு என்று ஏதோ ஒரு காரியத்துக்காக ஆள் திரட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார்கள்: ஆரம்ப உற்சாகம் வடிந்துவிட்டது, வாட்ஸாப் குழுவில் நூறு பேர் இருக்கிறார்கள், வேலை செய்வது ஆறு பேர். "பாயின்ட், பரிசு, முதலிடம் என்று ஏதாவது வைத்துப் பார்ப்போமா?" என்று அப்போது யாராவது ஒருவர் கேட்பார். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. லீடர்போர்டுன்னா ஸ்கூல் ரேங்க் லிஸ்ட் மாதிரிதானே? இதுல புதுசா என்ன இருக்கு?

பாதி அதுதான். ஆனால் ரேங்க் லிஸ்ட் பரீட்சை முடிந்த பிறகு வருவது. அதைப் பார்த்து வருத்தப்படலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. லீடர்போர்டு வேலை நடக்கும்போதே ஏறி இறங்கும். ஐபிஎல் புள்ளிப்பட்டியலைப் பார்த்து "இன்னும் ரெண்டு மேட்ச் ஜெயிச்சா உள்ளே போயிடலாம்" என்று கணக்குப் போடுகிறோமே, அந்தக் கணக்கைப் பங்கேற்பவரையே போட வைப்பதுதான் அதன் வேலை.

அதோடு சேர்ந்து வருபவை பாயின்ட், பேட்ஜ், லெவல், ஸ்ட்ரீக் எனப்படும் தொடர்நாள் கணக்கு. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தாக வேண்டும் என்பதில்லை. கூகுள் மேப்ஸில் கடை, கோயில் பற்றி எழுதுகிறவர்களுக்கான லோக்கல் கைட்ஸ் திட்டத்தில் 10 லெவல்கள் உண்டு, கடைசி லெவலுக்கு ஒரு லட்சம் பாயின்ட் வேண்டும். ஆனால் லெவல் ஏற யாரையும் முந்த வேண்டியதில்லை. இப்படிப் போட்டி இல்லாமலும் விளையாட்டு வைக்கலாம். 9-வது கேள்வியில் இதற்குத் திரும்பி வருவோம்.

2. இதெல்லாம் கம்பெனிக்காரங்க சேல்ஸ் டீமுக்குச் செய்யறது. சேவை செய்ய வர்றவங்களைப் போட்டி போட வைக்கிறது அசிங்கமா இல்லையா?

நியாயமான தயக்கம். ஆனால் இது கம்பெனிகளோடு நிற்கவில்லை. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவின் பிரசாரக் குழு தன் ஆதரவாளர்களுக்கென ஒரு தளம் நடத்தியது. கூட்டம் ஏற்பாடு செய்தால், போன் செய்து வாக்கு கேட்டால், வீடு வீடாகப் போனால் என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே பாயின்ட் உண்டு. பாயின்ட் கிடைக்கும் என்று யாரும் ஆதரவாளர் ஆகவில்லை. ஏற்கெனவே மனம் வைத்துவிட்டவருக்கு "அடுத்து என்ன செய்யலாம், நான் செய்தது கணக்கில் வந்ததா" என்று தெரிய அது ஒரு வழியாக இருந்தது.

பாயின்டே இல்லாமல் பெரிய இயக்கங்கள் நடந்திருக்கின்றன என்பதும் உண்மை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையைக் கொண்டுபோய் விட இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டாம். அந்த மாதிரி வாழ்க்கைக்கு நேரடியாக உதவுகிற ஒன்று உங்கள் இயக்கத்திடம் இருந்தால் முதலில் அதை முன்னால் வையுங்கள். பட்டியல் அதற்குப் பிறகுதான்.

3. பாயின்ட் எதுக்குக் கொடுக்கணும்? ஃபார்வர்டுக்கா, ஆள் சேர்த்ததுக்கா, நேர்ல வந்ததுக்கா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எதை எண்ணுகிறீர்களோ அது பெருகும். நீங்கள் விரும்பியது பெருகும் என்று உத்தரவாதம் இல்லை. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: ஒரு அளவைக் கட்டுப்பாட்டுக்கு ஆதாரமாக்கி அழுத்தம் கொடுத்தால் அந்த அளவே நம்பகத்தன்மை இழந்துவிடும். ஃபார்வர்டுக்குப் பாயின்ட் கொடுத்தால் ஃபார்வர்டு வரும். ஏரி அப்படியே இருக்கும்.

ஏரி ஆக்கிரமிப்புக்கு எதிரான குழு என்று வைத்துக்கொள்வோம். செய்யக்கூடியவற்றைக் காரியத்துக்கு எவ்வளவு பக்கம் என்ற வரிசையில் எழுதுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குவது மிகப் பக்கம். கிராம சபையில் பேசித் தீர்மானத்தில் ஏற்றுவதும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்து கரையைக் காட்டுவது அடுத்தது. போஸ்டர் பகிர்வது கடைசி. முதல் இரண்டுக்கும் கடைசிக்கும் நடுவே பத்து மடங்கு வித்தியாசம் வைத்தாலும் தப்பில்லை. பகிர்வதற்குப் பாயின்டே வேண்டாம் என்பது என் கட்சி, ஏனென்றால் சுலபமானதற்கு ஒரு பாயின்ட் கொடுத்தாலும் ஆயிரம் முறை செய்து அதையே முதலிடமாக்க ஒருவர் வருவார்.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனைக் கேள்வி: "இதை ஒருவர் பாயின்டுக்காக மட்டும் அரைகுறையாகச் செய்தால் இயக்கத்துக்கு என்ன நடக்கும்?" கிராம சபைக்கு பாயின்டுக்காக வந்தவரும் வந்தவர்தான், தலை எண்ணிக்கை கூடும். பாயின்டுக்காக எழுதிய புகார் மனுவில் பொய் இருந்தால் அடுத்த உண்மை மனுவையும் தாசில்தார் ஓரம் வைப்பார். முதலாவதைத் தாராளமாக எண்ணலாம். இரண்டாவதைச் சரிபார்க்காமல் எண்ணக் கூடாது.

4. பரிசு வைக்கலாமா? பணம் வேண்டாம், ஒரு டி-ஷர்ட்டாவது?

டி-ஷர்ட் என்றதும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் கதைதான் நினைவுக்கு வரும். திறமூல மென்பொருளுக்கு, அதாவது யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருளுக்கு, பங்களிக்கச் சொல்லி டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் அக்டோபர் தோறும் நடத்துவது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட். 2020-இல் அந்த எண்ணிக்கை நான்கு. மாதம் பிறந்த உடனே, விளக்கக் கோப்பில் ஒரு வார்த்தை சேர்ப்பது, ஒரு இடைவெளி விடுவது என்ற அளவில் குப்பைத் திருத்தங்கள் வந்து குவிந்தன. சம்பளமில்லாமல் அந்த மென்பொருள்களைப் பராமரிக்கிறவர்கள் ராத்திரி உட்கார்ந்து அவற்றை நிராகரிக்க வேண்டியிருந்தது. நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களில் செய்த திருத்தம் மட்டுமே கணக்கில் வரும் என்றார்கள். 2023-இல் டி-ஷர்ட்டையே விட்டுவிட்டு டிஜிட்டல் பேட்ஜுக்குப் போனார்கள். இதில் கவனிக்க வேண்டியது, பரிசு ஒருவருக்கு, அதன் சுமை வேறொருவருக்கு. உங்கள் இயக்கத்தில் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்று முதலிலேயே பாருங்கள்.

இன்னொரு பக்கம், பரிசு உள்ளே இருக்கிற ஆசையையே குறைக்கலாம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு சான்றிதழ் இல்லாத நாட்களில் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே வருடக் கடைசியில் எதிர்பாராமல் ஒரு புத்தகமோ பையோ கொடுங்கள், யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். போஸ்டரில் அச்சடித்து அறிவிப்பதில்தான் சிக்கல்.

5. ஒரே ஆள் எப்பவும் முதலிடம். மத்தவங்க "நமக்கு எதுக்கு"ன்னு விட்டுட்டாங்க. என்ன செய்ய?

மிக அதிகமாக வரும் கேள்வி இது, இதற்கு நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. 2010-இல் தொடங்கிய ஓல்ட் வெதர் என்ற திட்டத்தில் பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள். காலநிலை ஆய்வுக்கு அந்த வானிலைப் பதிவுகள் தேவை. ஒரு கப்பலில் சேர்ந்ததும் நீங்கள் கேடட், கொஞ்சம் செய்தால் லெஃப்டினன்ட், அந்தக் கப்பலில் எல்லோரையும்விட அதிகம் செய்தவர் கேப்டன். பின்னால் ஆய்வாளர்கள் பங்கேற்றவர்களைக் கேட்டபோது, சிலருக்கு இது பெரிய உந்துதலாக இருந்தது தெரிந்தது. வேறு சிலர் கேப்டனை எட்டவே முடியாது என்று தெரிந்ததும் சோர்ந்துபோயிருந்தார்கள். பதவியைப் பிடித்தவர்களுக்கும் அதைக் காப்பாற்றும் கவலை.

தீர்வுகளில் எனக்குப் பிடித்த முதல் வழி, பட்டியலுக்கு ஆயுள் குறைவாக வைப்பது. வாரம் முடிந்தால் எல்லோரும் பூஜ்ஜியம். ஒபாமா தளமும் 2008-லேயே பழைய பாயின்ட் முறையை விட்டு, சமீபத்தில் செய்த வேலைக்கு அதிக மதிப்பு தரும் 1 முதல் 10 வரையான அளவுகோலுக்கு மாறியது. ஜனவரியில் ஓடி ஓடிச் செய்துவிட்டு ஜூலையில் படுத்துக்கொண்டவர் மேலே உட்கார்ந்திருக்க முடியாது. இரண்டாவது வழி, கூட்டத்தைச் சின்னதாக்குவது. டுவோலிங்கோவில் கோடிக்கணக்கானவர்கள் மொழி படித்தாலும் ஒருவர் கண்ணுக்குத் தெரிவது அந்த வார லீகில் இருக்கும் சுமார் 30 பேர்தான். முப்பதில் பன்னிரண்டாவது என்றால் இன்னும் கொஞ்சம் முயலலாம் என்று தோன்றும். மூவாயிரத்தில் ஆயிரத்து இருநூறாவது என்றால் செல்போனை மூடி வைக்கத் தோன்றும்.

மூன்றாவது, முழுப் பட்டியலைக் காட்டாமல் அவருக்கு மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர் மட்டும் காட்டுவது. பேப்பரில் எழுதி ஒட்டுகிற குழுவுக்கு இது ஒத்துவராது, கூகுள் ஷீட்டில் செய்யலாம். அப்புறம், அந்த ஒரே முதலிடக்காரரை விரட்டிவிடாதீர்கள். அவரைப் புதியவர்களுக்கு வழிகாட்டியாக்கி, அவர் அழைத்து வந்தவர் செய்கிற இரண்டாவது வேலைக்கு அவருக்கும் பாயின்ட் கொடுங்கள்.

6. ஆளுக்கு ஆள் வேண்டாம், ஊருக்கு ஊர் போட்டி வெச்சா?

பொதுவாக நல்ல யோசனை. தனி ஆளாக முதலிடம் என்றால் கூச்சப்படுகிறவர்கள்கூட "நம்ம ஊர்" என்றதும் இறங்கி வேலை செய்வார்கள். இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கு இடையே 2018-இல் நடந்த, கட்டுரை எழுதும் வேங்கைத் திட்டப் போட்டியில் பஞ்சாபி முதலிடம், தமிழ் இரண்டாமிடம். அடுத்த சுற்றில் தமிழ் முதலிடம் பிடித்தது. நடுவில் தமிழ்ப் பயனர்களிடம் இருந்த வேகம் தனிப்பட்ட பரிசுக்காக மட்டும் வந்திருக்காது. அந்தப் போட்டியில் கட்டுரைக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு, நடுவர் பார்த்து ஏற்றால்தான் எண்ணிக்கையில் சேரும். 3-வது பதிலில் சொன்னதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

பெரிய ஊர்தான் ஜெயிக்கும் என்ற குறை வரும். ஆளுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்கலாம், ஆனால் அப்போது மூன்று பேர் உள்ள ஊர் ஜெயித்துவிடும், அதனால் குறைந்தபட்சம் பத்துப் பேர் என்று ஒரு வரம்பு வையுங்கள். அல்லது பட்டியலையே பலவாக்குங்கள். நகரத்தில் பார்க்கும் உயிரினங்களைப் பொதுமக்கள் பதிவு செய்யும் சிட்டி நேச்சர் சேலஞ்ச் 2016-இல் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான போட்டியாகத் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. அதில் எத்தனை பதிவுகள், எத்தனை உயிரினங்கள், எத்தனை பேர் என்று மூன்று கணக்கு. ஒன்றில் பின்தங்கிய நகரம் இன்னொன்றில் முன்னே நிற்கலாம். 2020-இல் கோவிட் காரணமாகப் போட்டியை எடுத்துவிட்டு ஒத்துழைப்பாக நடத்தினார்கள், அப்போதும் மக்கள் பங்கேற்றார்கள்.

7. தினமும் செய்யணும்னு ஸ்ட்ரீக் வெக்கலாமா?

வேண்டாம். மென்பொருள் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளம் பயனர் பக்கத்தில் காட்டிவந்த தொடர்நாள் கணக்கை 2016-இல் எடுத்துவிட்டது. வீட்டில் சாவு, காய்ச்சல், பரீட்சை என்று ஒரு நாள் விட்டவர் அடுத்த நாளும் வரமாட்டார், "போச்சு" என்று விட்டுவிடுவார். கட்டாயம் வேண்டுமென்றால் "மாதத்தில் ஏதாவது நான்கு நாள்" என்று வையுங்கள்.

8. ஏமாத்துறவங்களை எப்படிப் பிடிக்கிறது? பிடிச்சா குரூப்புல சொல்லலாமா?

ஏமாற்ற வாய்ப்பில்லாதபடி விதி போடுவதில் பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு 3-ஐயும் 4-ஐயும் பாருங்கள். மீதிக்கு ஆதாரம் கேளுங்கள்: மனு ரசீதின் படம், கூட்டத்தில் எடுத்த படம். எல்லாவற்றையும் சரிபார்க்க ஆள் இருக்காது. மேலே உள்ள பத்துப் பேரை முழுமையாகவும், மற்றவர்களில் சிலரைக் குலுக்கல் முறையிலும் பார்த்தால் போதும். பறவைப் பதிவுத் தளமான இபேர்டில் வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால் அது தானாக வடிகட்டப்பட்டு உள்ளூர் பரிசீலகரிடம் போகும், அவர் "படம் இருக்கிறதா, எங்கே பார்த்தீர்கள்" என்று தனியாகக் கேட்பார். பெரும்பாலும் அது அறியாமைப் பிழை, பொய்யல்ல. நீங்களும் தனியாகவே கேளுங்கள். குரூப்பில் போட்டு மானத்தை வாங்கினால் போவது அவர் மட்டுமில்லை, அவரோடு வந்த நாலு பேரும்தான்.

9. முதலிடம், இரண்டாமிடம்னே இல்லாம இதைச் செய்ய வழி இருக்கா?

இருக்கிறது, பல குழுக்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். பறவை ஆர்வலர்களின் கூட்டமைப்பான பேர்ட் கவுண்ட் இந்தியா மாதந்தோறும் இபேர்டில் ஒரு சவால் அறிவிக்கிறது, இத்தனை பறவைப் பட்டியல்கள் (ஒருமுறை போய்ப் பார்த்த பறவைகளின் பதிவு ஒரு பட்டியல்) இந்த நிபந்தனையோடு என்று. அதை எட்டிய எல்லோர் பெயரும் வெளியாகும். அவர்களில் ஒருவரைக் கணினிக் குலுக்கலில் எடுத்துச் சின்னப் பரிசு தருகிறார்கள். ஐந்நூறு பட்டியல் போட்டவருக்கும் வரம்பை மட்டும் தொட்டவருக்கும் ஒரே வாய்ப்பு. அதனால் வரம்பைத் தாண்டிய பிறகு எண்ணிக்கையை ஊதிப் பெருக்கக் காரணமே இல்லை. 4-வது பதிலில் சொன்ன குப்பை இங்கே வராது.

வரம்பை எங்கே வைப்பது? ஒரு வேலைக்குப் போகிறவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டக்கூடியதாக இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் நிபந்தனையை மாற்றினால் ஒரே வகை வேலை தேங்காது: இந்த மாதம் கிராம சபை, அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் பேச்சு.

10. பேரை வெளியில போட்டா பிரச்சினை வருமா? எங்க குழுவுல காலேஜ் பொண்ணுங்க, ஸ்கூல் பசங்க எல்லாம் இருக்காங்க.

வரும், அதிலும் மணல், ஆக்கிரமிப்பு, சாயக்கழிவு போன்ற விஷயங்களில் கட்டாயம் வரும். "அதிக மனு கொடுத்தவர்கள்" பட்டியல் எதிர்த்தரப்புக்கு யாரை மிரட்டுவது என்ற பட்டியலாகிவிடும். அப்படிப்பட்ட இயக்கத்தில் தனிநபர் பட்டியலே வேண்டாம், ஊர் அல்லது அணி அளவோடு நிறுத்துங்கள். மற்ற இடங்களில் புனைபெயரை அனுமதித்து, பெயர் வர வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்காவிட்டால் வராது என்பதுதான் விதியாக இருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இன்னொன்று, போனில் உள்ள தொடர்பு எண்களைத் தந்தால் பாயின்ட் என்று ஒருபோதும் வைக்காதீர்கள். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்ற டெட் குரூஸின் பிரசாரச் செயலியில் இது இருந்தது, கடும் விமர்சனத்துக்கும் உள்ளானது. எண்ணைக் கொடுப்பவர் ஒப்புக்கொள்ளலாம், அந்த எண்ணின் சொந்தக்காரரை யாரும் கேட்கவில்லையே.

11. தனி ஆப் வாங்கணுமா? எக்செல் போதாதா?

ஐம்பது பேர் வரை கூகுள் ஷீட்டும் கூகுள் ஃபார்மும் போதும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், சொன்ன நேரத்தில் புதுப்பியுங்கள். தாமதமாக வரும் பட்டியலை யாரும் நம்பமாட்டார்கள். ஒருங்கிணைப்பாளர்கள் பெயர் பட்டியலில் வேண்டாம். விதி போடுகிறவரே முதலிடத்தில் நின்றால் நன்றாக இருக்காது.

12. இது வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? மொத்தப் பாயின்ட் ஏறிக்கிட்டேதான் இருக்கு.

மொத்தம் ஏறுவது ஒன்றையும் சொல்லாது, நாலு பேர் சேர்ந்தே அதை ஏற்றிவிடலாம். நடுவில் இருப்பவரைப் பாருங்கள்: எல்லோரையும் வரிசைப்படுத்தினால் சரிபாதியில் நிற்பவர் போன மாதத்தைவிட அதிகம் செய்கிறாரா? புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை வந்தார்கள்? இந்த இரண்டும் அசையவில்லை என்றால் பட்டியல் ஏற்கெனவே ஓடுகிறவர்களுக்கு மட்டும் வேடிக்கை காட்டுகிறது.

பேட்ஜ் வைத்திருந்தால் அதைப் பெற்ற பிறகு என்ன ஆகிறது என்றும் பாருங்கள். மென்பொருள் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பேட்ஜ்களைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், பேட்ஜ் நெருங்க நெருங்க மக்கள் அந்த வேலையை அதிகமாகச் செய்தார்கள், கிடைத்ததும் அது குறைந்தது. அதற்கென்று பேட்ஜே கூடாது என்றில்லை. அடுத்த படி என்ன என்று அன்றைக்கே சொல்லுங்கள். நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு சோதனை: ஒரு மாதம் பட்டியலை எடுத்துவிட்டு வேலை மட்டும் நடக்கட்டும். அப்போதும் வருகிறவர்கள்தான் உங்கள் பலம். அந்த எண்ணிக்கை பட்டியல் தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருந்தால் பட்டியலை மறுபடி போடாதீர்கள்.

13. எதுக்கெல்லாம் பாயின்ட் வெக்கவே கூடாது?

இன்னொரு மனிதரின் துயரம் இருக்கிற இடத்தில். குடும்ப வன்முறையில் சிக்கியவரிடம் பேசுவது, தற்கொலை எண்ணம் உள்ளவரின் போனை எடுப்பது போன்றவற்றில் எண்ணிக்கை வந்தாலே பேச்சு சுருங்கும். ஆள்மீது புகார் கொடுப்பதற்கும் கூடாது, காரணம் 3-இல் இருக்கிறது. ரத்ததானத்துக்கு எண்ணிக்கை வைத்தால் இடைவெளி விடாமலேயே தானம் செய்ய வருவார்கள். ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் என்ற இடைவெளி உடம்புக்காக வைத்தது. அங்கே ஒருவர் எத்தனை முறை தானம் செய்தார் என்று எண்ணாமல், புதிதாக முதல்முறை வந்தவர்களை எண்ணலாம்.

14. முதலிடத்துல இருக்கறவர் "நான்தான் அதிகம் செஞ்சேன், என்னைத் தலைவராக்கு"ன்னு கேட்கிறார். நியாயம்தானே?

அவர் செய்த வேலைக்கு மரியாதை கொடுங்கள், பதவியைப் பாயின்டோடு முடிச்சுப் போடாதீர்கள். நிறைய மனு கொடுக்கத் தெரிந்தவருக்கு நாலு பேர் சண்டையைத் தீர்க்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பாயின்ட் ஏற ஏறத் திருத்தும் உரிமை, மூடுவதற்கு வாக்களிக்கும் உரிமை என்று கருவிகள் கிடைக்கும். ஆனால் சமூகத்தின் நடுவர்களைத் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டியிட ஒரு குறைந்தபட்சப் பாயின்ட் வேண்டும், பாயின்டின் பங்கு அவ்வளவுதான்.

உங்கள் குழுவிலும் அதே மாதிரி செய்யலாம். இத்தனை மாதம் வேலை செய்த எல்லோருக்கும் தேர்தலில் நிற்கும் தகுதி உண்டு, ஓட்டு எல்லோருக்கும் ஒன்று. இதைப் பட்டியல் தொடங்கும் நாளிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இந்தக் கோரிக்கை வந்த பிறகு விதி எழுதினால் அவரைத் தடுக்கவே எழுதியதாகத்தான் அவர் நினைப்பார்.